பென்சில் புள்ளடி

றேகா புனர்வாழ்வு மருத்துவ நிலையம், ஹார்ஸ்
27.09.2024, வெள்ளி

தவமலருக்கு,

தொலைபேசியை அணைத்து வைத்திருக்கிறேன். ஆதிரையைக்கொண்டு அழைப்பிக்க வேண்டாம், மகளானாலும் எடுக்கமாட்டேன். பாரிசவாதம் வந்த நாக்கு இன்னும் குழறுகிறது. இந்த நாக்கோடு சண்டை பிடித்தால் நீதான் வெல்லுவாய். வலது கை சரியாக இருக்கிறது. நாளுக்கு ஒரு பக்கமாவது எழுதவேண்டும் என்று இங்கே பயிற்சி தருகிற லாரா சொல்கிறாள். இன்றைய பக்கம் உனக்கு.

நேற்று தம்பி நிசாந் ஹனோவரிலிருந்து பார்க்க வந்தான். வந்ததும் வராததுமாக, "அண்ணை, புது வோன்மொபிலுக்கு வாழ்த்துகள்" என்றான். "ஆருடைய வோன்மொபில்?" என்று கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. தொலைபேசியில் படம் காட்டினான். கோயில் வாசலில் பெரிய வெள்ளை வண்டி. இழுக்கிற வண்டி வேறு, வீடு வேறு என்றில்லாமல் இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்த வண்டி. நான்கு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம். ஐயர் தீபத்தோடு நிற்கிறார். சாரதி இருக்கையில் நீ, சந்தனப் பொட்டோடு. குடும்பக் குழுவில் நாற்பத்தாறு பேர் கை கூப்பி வாழ்த்தியிருக்கிறார்கள். நாற்பத்தேழாவது ஆளுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

என் கரவனையும் அதை இழுக்கிற ஜீப்பையும் வண்டி விற்கிற கடைக்காரனிடம் கொடுத்து அதை எடுத்தாயாம். இரண்டும் என் பெயரில் இருந்தவை. என் கையெழுத்து இல்லாமல் நடந்திருக்காது. எங்கே வைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில், பன்னிரண்டாம் நாள், நீ மூன்று தாள் நீட்டினாய். வைக்கவேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னப் புள்ளடி போட்டிருந்தாய். மருத்துவக் காப்புறுதிக்குப் போகிற ஏதோ அன்ராக் படிவம் என்று நினைத்து வைத்தேன். இடது கையை உயர்த்த ஏலாமல் கிடந்த மனுசனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாய்.

பதினொரு கோடை அந்தக் கரவனில் போயிருக்கிறோம். துறைமுகத்தில் முப்பது வருடம் மற்றவர்களின் கொள்கலன்களைத் தூக்கி வைத்தவனுக்கு, தன்னுடையது என்று இழுத்துப்போக இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் 24ஆம் திகதி, வியாழன், என்னை இங்கிருந்து விடுகிறார்கள். அந்த வண்டியைக் கொண்டு வராதே. வந்தால் ஏறமாட்டேன். நிசாந் வந்து ஹனோவருக்குக் கூட்டிப்போவான். அங்கேயே இருந்துவிடுவேன்.

மகேந்திரராஜா


ஹார்பூர்க், ஹம்பேர்க்
30.09.2024

இஞ்சாருங்கோ,

கல்யாணம் முடித்த முப்பத்து மூன்று வருடத்தில் நீங்கள் என்னை 'நீர்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் முதல் வரியிலிருந்து 'நீ'. நாக்கு மட்டும்தான் குழறுகிறது என்று நினைத்திருந்தேன்.

அது காப்புறுதித் தாள் என்று நான் சொன்னேனா? "மூண்டு இடத்திலை புள்ளடி போட்டிருக்கிறன்" என்று மட்டும்தான் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அந்தப் புள்ளடியை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்? வாடகை ஒப்பந்தம், ஆதிரையின் பள்ளிக்கூடத் தாள், என் சாரதிப் பத்திரத்துக்கான அன்ராக், எல்லாவற்றிலும் பென்சிலால் புள்ளடி போட்டு என் முன்னால் வைப்பீர்கள். "என்னப்பா இது?" என்று கேட்டால், "உமக்கு விளங்காது, அதிலை வையும்." நானும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து வைப்பேன். உங்களுடைய அந்தக் கரவனை வாங்கின தாளிலும் என் கையெழுத்து இருக்கிறது. நாங்கள் கரவன் வாங்கியிருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது, அது வாசலில் வந்து நின்ற அன்றைக்குத்தான்.

பதினொரு கோடை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பதினொரு கோடைதான். நீங்கள் ஜீப்புக்குள் இருந்து பின்னுக்கு எடுப்பீர்கள். நான் மழையில் பின்னால் நின்று கை காட்டுவேன். "வாங்கோ, வாங்கோ, நில்லுங்கோ" என்று கத்துவேன். அரை அடி பிசகினால் அந்தக் காம்பிங் முழுக்கக் கேட்க என்னைத் திட்டுவீர்கள். பிறகு நான்கு மூலைக்கும் முழங்காலில் இருந்து தாங்கியை இறக்கவேண்டும், தண்ணீர் சுமக்கவேண்டும், கூடாரம் கட்டவேண்டும். இதையெல்லாம் இனி யார் செய்வது? இடது கால் இழுக்கிற நீங்களா, மூட்டுத் தேய்ந்த நானா?

அந்தக் கரவனை நான் இழுக்கவும் ஏலாது. உங்களுடைய பழைய சாரதிப் பத்திரத்துக்கு எல்லாம் ஓட்டலாம். எனக்கு 2003இல் கிடைத்தது மூன்றரைத் தொன்னுக்கு மட்டும். ஜீப்பும் கரவனும் சேர்ந்தால் அதற்கு மேலே போகிறது. வோன்மொபில் சரியாக மூன்றரை. நான் ஓட்டலாம். நீங்கள் களைத்தால் நிறுத்துவேன், நாலு எட்டு வைத்தால் கட்டில், இரண்டு எட்டில் கழிவறை. உங்களை வீட்டுக்குள் வைத்து ஜன்னலைப் பார்க்கவிட எனக்கு விருப்பமில்லை. அதற்காகத்தான் எடுத்தேன். 24ஆம் திகதி அதில்தான் வருவேன்.

தவமலர்


றேகா நிலையம்
04.10.2024

தவமலருக்கு,

நான் கரவனைப் பின்னுக்கு எடுக்கிறதைப் பார்க்க ஜேர்மன்காரர்கள் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒரே தடவையில் வேலிக்கும் மரத்துக்கும் நடுவே விட்டபோது கை தட்டினார்கள். அது உனக்கு ஞாபகமில்லை. திட்டினது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நீ ஓட்டோபானில் எத்தனை தரம் ஏறியிருக்கிறாய்? நான் சொல்கிறேன்: ஒரு தரமும் இல்லை. நீ ஓட்டினது தமிழ்க் கடைக்கும் முதியோர் இல்லத்துக் குசினி வேலைக்கும்தான். இப்போது ஏழு மீற்றர் வண்டியில் இருநூற்றி முப்பது கிலோமீற்றர் வந்து என்னை ஏற்றப்போகிறாயாம்.

ஒன்றைத் தெரிந்துகொள். கால் வந்துகொண்டிருக்கிறது. இடது கையால் பந்தை அமத்துகிறேன். ஆறு மாதத்தில் நானே ஓட்டுவேன். அதுவரைக்கும் பொறுத்திருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? நான் செத்துவிடவில்லை. செத்த வீட்டில் சாமான் ஒதுக்குகிற மாதிரி என் சாமானை ஒதுக்கியிருக்கிறாய்.

நிசாந்துக்குச் சொல்லிவிட்டேன். 24 காலை அவன் வருவான்.

மகேந்திரராஜா


ஹார்பூர்க்
08.10.2024

இஞ்சாருங்கோ,

'பொறுத்திருந்தால்' என்ற சொல்லை வாசித்துவிட்டுக் குசினியில் ஒரு கோப்பையை உடைத்தேன். வேண்டுமென்றே உடைத்தேன். நீங்கள் பொறுக்கச் சொல்லி நான் ஏற்கெனவே ஒரு தரம் பொறுத்துவிட்டேன். அதை நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

ஓகஸ்ட் பதினோராம் திகதி. கடற்கரையிலிருந்து திரும்பி வருகிறோம். ஜீப்புக்குள் நீங்கள், நான், பின்னால் ஆதிரையின் பிள்ளை சாரு. எல்ப ஆற்றுக்குக் கீழே சுரங்கத்துக்குள் இறங்கியபோது உங்கள் இடது கை ஸ்டியறிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், அது உங்களுடைய கை இல்லை என்பதுபோலப் பார்த்தீர்கள். பின்னால் கரவன் ஒரு பக்கம் வீசியது. லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். நான் கத்தினேன். "வாயை மூடும், ரோட்டைப் பார்க்கவேணும்" என்றீர்கள். நீங்கள் ஓட்டும்போது நான் வாயைத் திறந்தால் எப்போதும் சொல்கிற அதே வசனம். வாய் கொஞ்சம் கோணித்தான் அதைச் சொன்னீர்கள். கால்மணித்தியாலத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு என்ன சொன்னீர்கள்? "ஒருத்தருக்கும் சொல்லாதையும். டொக்டரிட்டைச் சொன்னா பத்திரத்தைப் பறிச்சுப்போடுவாங்கள்."

நான் சொல்லவில்லை. டொக்டருக்குச் சொல்லவில்லை, ஆதிரைக்குச் சொல்லவில்லை. மூன்று கிழமை கழித்துக் குளியலறையில் விழுந்தீர்கள். இப்படி முதலில் சின்னதாக வரும்போதே காட்டினால் ஆள் நடந்து திரியும் என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார். என்னைக் குறை சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். எனக்கு அது போதும்.

சாரு நாலரை வயதுப் பிள்ளை. உங்கள் சாரதிப் பத்திரத்துக்காக அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் வாயை மூடினேன். அதற்காக உங்களில் எவ்வளவு கோபமோ அதைவிட என்னில் எனக்குக் கோபம். இனி மூடமாட்டேன். நேற்று ஆதிரைக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். நீங்கள் என்ன எழுதினாலும் எழுதுங்கள்.

ஓட்டோபான் கதைக்கு வருகிறேன். சாரதிப் பயிற்சிக்காரரை வைத்து ஆறு தரம் ஏறிவிட்டேன். முதல் தரம் அழுதேன். ஆறாம் தரம் லொறியை முந்தினேன்.

தவமலர்


றேகா நிலையம்
12.10.2024

தவமலருக்கு,

நேற்று ஆதிரை பொண் நகரத்திலிருந்து தனியாக வந்தாள். சாருவைக் கொண்டுவரவில்லை. "அப்பா, இனி உங்களோடை வண்டியிலை பிள்ளையை விடமாட்டன்" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். நீ சொன்னதால் வந்தது இது. என் மகளுக்கு முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாய் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதுகிறேன்.

இங்கே வந்த முதல் கிழமை, சாப்பாட்டில் உருளைக்கிழங்கு மட்டும் வைக்கிறார்கள், இறைச்சி வைக்கிறார்களில்லை என்று குசினிக்காரியோடு சண்டை பிடித்தேன். நிறத்தைப் பார்த்துத்தான் அப்படிச் செய்கிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். லாரா வந்தாள். தட்டை அரை வட்டம் திருப்பினாள். இறைச்சி இருந்தது. இடப்பக்கம் இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

கண்ணில் ஒன்றும் இல்லையாம். மூளையில்தான். இடப்பக்கத்துப் பாதி உலகம் எனக்கு இல்லை. இருட்டாகத் தெரிகிறதென்றால்கூடப் பரவாயில்லை. அங்கே ஒன்று இருக்கவேண்டும் என்பதே தெரிகிறதில்லை. வாசலில் தோள் இடிபடுகிறது. கழுத்தை இடப்பக்கம் திருப்பிப் பழகு, நாளுக்கு நூறு தரம் திருப்பு என்கிறாள் லாரா. கொஞ்சம் பழகலாமாம். வந்த கடிதங்களையும் அப்படித் திருப்பித் திருப்பித்தான் வாசித்தேன். ஓட்ட ஏலாது. ஆறு மாதத்தில் இல்லை, ஆறு வருடத்திலும் இல்லை. வீட்டுக்குச் சொல்லவேண்டாம் என்று டொக்டரிடம் கேட்டுக்கொண்டேன். நான் அனுமதிக்காமல் அவர்கள் சொல்லமாட்டார்கள். போன கடிதத்தில் நான் எழுதினது பொய்.

உமது மூன்று தாளையும் காப்புறுதி அன்ராக் என்று நினைத்து வைத்தேன் என்று எழுதினேனே, அதுவும் பொய். வாசித்தேன். ஒவ்வொரு வரியிலும் பாதி வந்தது. சேராத சொற்களாக வந்தது. மருந்தில் மூளை மங்கியிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு வாசிக்க ஏலாது என்று உமக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் தாள் வாசிக்கிறவன் நான். அதனால் புள்ளடி தெரிந்த இடத்தில் வைத்தேன். வலப்பக்கத்தில் இருந்ததால் அது மட்டும் தெரிந்தது.

இதைத் தெரிந்துகொண்டபிறகும் என் கோபம் போகவில்லை. நான் குருடன் என்று உமக்குத் தெரியாது, அது சரி. ஆனால் நான் பலமில்லாமல் கிடக்கிறேன் என்று தெரியும். தெரிந்துதான் அந்த நாளைப் பார்த்து நீட்டினீர்.

இன்னொன்று. ஏன் ஏறமாட்டேன் என்று இப்போது சொல்கிறேன். சாரதிக்குப் பக்கத்து இருக்கை வலப்பக்கம். நான் அதில் இருந்தால் நீர் என் இடப்பக்கம். நீர் இருக்கமாட்டீர். ஸ்டியறிங்கும் இருக்காது. ஆளில்லாத வண்டியில் நான் ஒருவன் போய்க்கொண்டிருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

மகேந்திரராஜா


ஹார்பூர்க்
15.10.2024

இஞ்சாருங்கோ,

லாராவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்களைப்பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன் என்றாள். "அவரைப்பற்றி வேண்டாம். இடப்பக்கம் தெரியாத ஒருவருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது, அதைச் சொல்லுங்கோ" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கேட்டேன். தாளின் இடது ஓரத்தில் மொத்தமாகச் சிவப்புக் கோடு போடச் சொன்னாள். கோடு தெரியும்வரைக்கும் கழுத்தைத் திருப்பி, அங்கேயிருந்து வாசிக்கவேண்டுமாம். போட்டிருக்கிறேன். கோட்டைக் கண்டுபிடித்தபிறகு மேலே வாசியுங்கள்.

நீங்கள் எழுதினது சரி. அந்த நாளைப் பார்த்துத்தான் நீட்டினேன். நீங்கள் எழும்பி நடக்கத் தொடங்கினால் விடமாட்டீர்கள் என்று தெரியும். நீங்கள் மூன்று தாளையும் மெதுவாகப் புரட்டினீர்கள். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று நின்றேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் பேசாமல் கையெழுத்து வைத்தபோது எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. முப்பத்து மூன்று வருடத்துக்கும் சேர்த்து வந்தது. அது கெட்ட சந்தோசம். கண் தெரியாத மனுசனைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும்தான்.

கண் தெரியாததை மறைத்ததற்கு மன்னிக்கமாட்டேன். சுரங்கத்துக்குப் பிறகும் மறைத்தீர்கள்.

கடைக்காரனிடம் போனேன். கரவனும் ஜீப்பும் இன்னும் அவனுடைய முற்றத்தில் நிற்கின்றன. முன்கண்ணாடியில் நீங்கள் ஒட்டின முருகன் படமும் இருக்கிறது. இந்த மாத முடிவுக்குள் வோன்மொபிலைத் திருப்பிக் கொடுத்தால் ஒப்பந்தத்தை இரத்துச் செய்வானாம். அதற்கான தாளை இதோடு வைத்திருக்கிறேன். நான்கு பக்கம். அதிலும் எல்லாப் பக்கத்திலும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். புள்ளடி போடவில்லை. முழுக்க வாசியுங்கள். வாசித்துவிட்டு வைக்கவேண்டுமென்றால் நீங்களே இடத்தைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வையுங்கள். வைத்தால் கரவன் வாசலுக்கு வரும். இழுக்க ஆளில்லாமல் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு இருவரும் இருப்போம்.

தவமலர்


றேகா நிலையம்
18.10.2024

தவமலருக்கு,

நான்கு பக்கத்தையும் வாசித்தேன். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. ஒவ்வொரு வரிக்கும் கோடுவரை போய்த் திரும்பி வந்தேன். கழுத்து விறைத்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் என் பிறந்த திகதியைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் இல்லை, எட்டாம் மாதம். நீர் அதைக் கவனிக்கவில்லை. தாளை நீட்டுகிற ஆள் அதையெல்லாம் பார்க்கவேண்டும்.

கையெழுத்து வைக்கவில்லை. தாளைத் திருப்பி அனுப்புகிறேன், நீரே கிழித்துப்போடும். முருகன் படத்தை மட்டும் கழற்றிக்கொண்டு வாரும்.

உம்மோடு எனக்கு இன்னும் கோபம்தான். அதை ஹனோவரில் வைத்துக்கொண்டிருக்க ஏலாது. நிசாந் வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவப்படுவார்கள், ஒருவரும் சண்டை பிடிக்கமாட்டார்கள். அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே ஓட்டும். என்னத்தையாவது கதையும், என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. இடப்பக்கத்தில் சத்தம் கேட்டால் நீர் இருக்கிறீர் என்று எனக்குத் தெரியும்.

மகேந்திரராஜா


ஹார்பூர்க்
21.10.2024

இஞ்சாருங்கோ,

தாளைக் கிழித்துவிட்டேன். படத்தைக் கழற்றி வோன்மொபிலில் ஒட்டியிருக்கிறேன். உங்களுக்குத் தெரியவேண்டுமென்று வலது ஓரத்தில் ஒட்டினேன். பிறந்த திகதி பிழையென்றது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன்.

கதைத்துக்கொண்டே ஓட்டச் சொல்லியிருக்கிறீர்கள். கதைக்கமாட்டேன். ஒரு சொல்லும் கதைக்கமாட்டேன். ஹார்ஸிலிருந்து ஹார்பூர்க் வரைக்கும் ஏழாம் இலக்க ஓட்டோபான், பாதித் தூரம் வீதி வேலை, பக்கத்தில் லொறிகள். எனக்கு ரோட்டைப் பார்க்கவேணும்.

நான் இருக்கிறேனா என்று தெரியவேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். நூறு தரம் திருப்பச் சொன்னார்கள்தானே, எங்கள் வாசலுக்கு வருவதற்குள் அந்த நூறும் முடிந்துவிடும். நான் அந்த இருக்கையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தேன். உங்களைப் பார்க்க நானும் இடப்பக்கம்தான் திரும்பினேன்.

கழுத்து வலித்தால் மட்டும் சொல்லுங்கள், நிறுத்துவேன். கட்டில் விரித்திருக்கிறது.

வியாழன் பத்து மணிக்கு வாசலுக்கு வாருங்கள்.

தவமலர்